எஃகுக் குழாய்களில் ஓர் இசைச் சின்னம்: ராணிப்பேட்டைப் பட்டறை ஒன்றின் வேலை பற்றி

காட்பாடி காந்தி நகரில் வயலின் வகுப்பு நடத்தும் என் அக்காள் மகள், சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள், வகுப்பின் முன் திண்ணையை ஒட்டிய சுவர் வெறுமையாகக் கிடக்கிறது, அங்கே ஏதாவது வைக்க வேண்டும் என்று பேச்செடுத்தாள். சரஸ்வதி படமோ வீணைப் பொம்மையோ எல்லா இசைப் பள்ளிகளிலும் இருப்பதால் அவை வேண்டாம் என்றவள், "மாமா, நீங்க ஸ்கூல்ல டிராயிங் ரூம்ல ஒட்டி வெச்சிருந்தீங்களே, குழாய் குழாயா ஒரு சிலை, அது மாதிரி சின்னதா ஒண்ணு செய்ய முடியுமா?" என்று கேட்டாள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓவிய ஆசிரியராக இருந்த எனக்கு, என் வகுப்பறைச் சுவரில் மஞ்சளடித்துப்போன அந்தப் படத்தை ஒருத்தி நினைவில் வைத்திருந்தாள் என்பதே பெரிய மகிழ்ச்சி. அந்த வேலையை ராணிப்பேட்டையில் ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்து வாங்கிய அனுபவத்தை, இதுபோன்ற வேலை கொடுக்க நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். தோல் தொழிற்சாலை ஒப்பந்தங்களே தமக்குப் போதும், சில்லறை வேலை தேடி ஆட்கள் வந்து நின்றால் சமாளிக்க முடியாது என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பட்டறையின் பெயரைத் தவிர்க்கிறேன். முத்துக்கடையிலிருந்து சிப்காட்டுக்குப் போகும் பக்கத்தில் இதே தரத்தில் வேலை செய்யக்கூடிய பட்டறைகள் இன்னும் சில உண்டு.

அந்தப் படத்தில் இருந்தது, பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் உள்ள, இசையமைப்பாளர் சிபேலியஸின் நினைவுச் சின்னம். அதைச் செய்தவர் எய்லா ஹில்துனென் என்ற பின்லாந்துச் சிற்பி. 1922ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அப்போது பின்லாந்திலும் இப்போது ரஷ்யாவிலும் இருக்கும் சோர்த்தவாலா என்ற ஊரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹெல்சிங்கி நுண்கலைப் பள்ளியில் பயின்று, தொடக்கத்தில் உருவச் சிலைகளையும் போர் நினைவுச் சின்னங்களையும் கல்லிலும் வெண்கலத்திலும் வழக்கமான முறையில் செய்துவந்தார். 1950களின் பிற்பகுதியில்தான் வெல்டிங் கருவியைக் கையில் எடுத்தார். களிமண்ணில் உருவம் பிடித்து, அச்சு எடுத்து, வார்ப்படக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பதற்கும், முகமூடி அணிந்துகொண்டு உருகும் உலோகத்தின் முன் தாமே குனிந்து நிற்பதற்கும் உள்ள தூரத்தைக் கலை வேலை செய்தவர்கள் உடனே உணர்வார்கள். சிற்பியின் கைக்கும் பொருளுக்கும் நடுவில் வேறொருவர் இல்லாமல் போவதுதான் அந்த மாற்றம்.

பின்லாந்து கருங்கல்லின் நாடு. ஹில்துனெனுக்கு முந்திய தலைமுறையின் பெருஞ்சிற்பியான வைனோ ஆல்த்தோனென், கையால் நேரடியாகக் கருங்கல்லைச் செதுக்கிப் பெயர் பெற்றவர். ஓட்டக்காரர் பாவோ நுர்மியின் வெண்கலச் சிலையும் அவருடையதே, அதன் படி ஒன்று ஹெல்சிங்கி ஒலிம்பிக் அரங்கின் முன் நிற்கிறது. கோட்டையும் மலையும் கோயிலும் ஒரே கல்லாக இருக்கும் வேலூரில் பிறந்தவனுக்கு ஆல்த்தோனென் மனத்துக்கு நெருக்கமானவராகத்தான் இருக்க வேண்டும். இருந்தும் என்னை இழுத்தது ஹில்துனெனின் எஃகுதான்.

ழான் சிபேலியஸ் பின்லாந்து மக்கள் தங்கள் உயிருக்கு நிகராக நினைக்கும் இசையமைப்பாளர். ரஷ்யப் பேரரசின் பிடியில் அந்நாடு இருந்த காலத்தில், 1899இல், 'பின்லாந்தியா' என்ற இசைக்கோவையை அமைத்தவர். 1957இல் அவர் மறைந்த பிறகு நினைவுச் சின்னத்துக்கான போட்டி இரு சுற்றுகளாக நடந்தது. அதில் ஹில்துனெனின் வடிவம் தேர்வானது. முகமும் இல்லை, கோட்டும் சூட்டும் இல்லை. 600க்கும் மேற்பட்ட எஃகுக் குழாய்கள் அலைபோல ஏறியிறங்கி அந்தரத்தில் தொங்குவதுபோல நிற்கும் ஓர் அமைப்பு. சுமார் 8.5 மீட்டர் உயரம், 10.5 மீட்டர் நீளம், 6.5 மீட்டர் ஆழம், எடை 24 டன். பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1967 செப்டம்பர் 7 அன்று திறக்கப்பட்டது. அதன் சிறு வடிவம் ஒன்று பாரிஸில் யுனெஸ்கோ தலைமையகத்தில் இருக்கிறது. இந்த எண்களைவிட முக்கியமானது வேறொன்று: அந்த 600 குழாய்களில் ஒவ்வொன்றின் மேற்பரப்பும் வெவ்வேறு. சிலவற்றில் துளைகள், சில கிழிந்து வாய் பிளந்திருக்கும், சிலவற்றின் மேல் உருகிய உலோகம் மரப்பட்டை போலப் படிந்திருக்கும். தொலைவிலிருந்து பார்த்தால் ஆர்கன் என்னும் தேவாலய இசைக்கருவியின் குழாய்கள் போலத் தோன்றும். கிட்டே போனால் பிர்ச் மரக்காடு போல இருக்கும்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், பட்டறையில் எனக்கு முதலில் வந்த சிக்கல் இந்த மேற்பரப்பில்தான் வந்தது என்பதே.

நான் வரைந்து கொடுத்த அமைப்பு, நான்கடி அகலமும் மூன்றரை அடி உயரமும் கொண்டது. முக்கால் அங்குலம் முதல் மூன்று அங்குலம் வரை விட்டமுள்ள 48 குழாய்கள், 16 கேஜ் தடிமன். ஹெல்சிங்கிச் சின்னத்தை அப்படியே நகல் எடுப்பது என் நோக்கமன்று. அதன் வழியைப் பின்பற்றி, இந்தச் சுவருக்கும் இந்த வகுப்புக்கும் ஏற்ற ஒன்றை அமைக்க விரும்பினேன். உரிமையாளர் வரைபடத்தைக் கவனமாகப் பார்த்தார். எந்தக் குழாய் எதன்மேல் உட்காரும், எங்கே டேக் (புள்ளியாக மட்டும் ஒட்டும் வெல்டு) அடிக்க வேண்டும், எங்கே முழு வெல்டு வேண்டும் என்று பென்சிலால் அங்கேயே குறித்தார். மேலே திறந்த குழாய்களின் அடிப்பகுதியையும் மூடிவிட்டால் மழைநீர் தேங்கும், அதனால் அடியில் சிறு துளையாவது விட வேண்டும் என்று நான் யோசிக்காத ஒன்றை அவராகச் சொன்னார். மதிப்பீட்டைத் தாளில் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் என்று தேதி சொன்னார். முன்பணமாக 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். இதுவரை எந்தக் குறையும் சொல்வதற்கில்லை.

இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, முடிந்திருந்த பாதி அமைப்பைக் கண்டு எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. எல்லா வெல்டு தடங்களையும் கிரைண்டிங் செய்து, பஃபிங் சக்கரம் போட்டு, கண்ணாடிபோலத் தேய்த்து வைத்திருந்தார்கள். மாடிப்படிக் கைப்பிடிக்கும் ஹோட்டல் கவுண்டருக்கும் செய்கிற அதே பளபளப்பு. வேலையில் சிறு பிசிறு இல்லை. ஆனால் குழாய்க்கும் குழாய்க்கும் வித்தியாசமும் இல்லை. நான் வேண்டாம் என்றதும் வெல்டர் தம்பிக்கு முகம் வாடிவிட்டது. "இன்னா சார், இத்தினி நாள் குனிஞ்சி தேச்சி பளபளன்னு கொணாந்து வெச்சா, இப்போ வேணாங்கறீங்களே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒட்டிய இடம் தெரியக் கூடாது என்பதுதான் அவர் கற்ற தொழிலின் முதல் பாடம். ஒட்டிய இடம்தான் கோடு, அதுதான் தெரிய வேண்டும் என்பதை நான் எழுத்திலும் எழுதவில்லை, வாயாலும் சொல்லவில்லை.

அன்று அவரிடம் ஹெல்சிங்கிச் சின்னத்தின் நெருக்கமான படங்களைக் கைப்பேசியில் காட்டினேன். முதலில் தலையசைக்கவில்லை. கடைசியில் நான் கேட்டது, "நம்ம ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துல, ஒரு தூணு மாதிரி இன்னொரு தூணு இருக்குதா தம்பி?" என்று. யாளியும் குதிரையும் பாய்ந்து நிற்கும் அந்தத் தூண்களுக்கு முன்னால் நின்று பார்க்காத வேலூர்க்காரர் இருக்க மாட்டார். அவர் சற்று யோசித்துவிட்டு, "இல்ல சார், ஒண்ணுக்கு ஒண்ணு மாறும்" என்றார். பிறகு படத்தைத் தாமாகவே விரலால் விரித்துப் பார்த்தார். ஹில்துனெனின் பட்டறைப் படம் ஒன்று வந்தபோது, "இந்தம்மாவே வெல்டு அடிச்சாங்களா?" என்று கேட்டார். உதவியாளர் இருந்தார், ஆனாலும் அவரே நின்று அடித்தார் என்றேன். அவருடைய கணவர் ஒத்ஸோ பியெத்தினென் புகைப்படக் கலைஞர் என்பதையும் சொன்னேன். "எஸ்.எஸ். புகை நெஞ்ச அறுக்கும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் எழுந்துபோனார். துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் இருப்பதால் அதன் புகை சாதாரண இரும்பின் புகையைவிடக் கெடுதலானது. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியைப் பற்றிச் சொன்ன சொல்லாகவே அதை நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த பத்து நாளில் அவர் செய்து வைத்திருந்ததைப் பார்த்தபோது இந்தப் பட்டறையைப் பாராட்டாமல் இருக்க முடியாது என்று முடிவு செய்தேன். ஆர்கான் வாயுவைக் கொண்டு செய்யும் வெல்டிங்கில் கை நிதானமாக இருந்தால், உருகி உறைந்த தடம் நாணயங்களைச் சாய்த்து அடுக்கினாற்போல வரிவரியாக விழும். அந்த வரிகளை மூன்று அங்குலக் குழாயின் உடல் முழுவதும், இணைப்பே இல்லாத இடத்திலும், சும்மா வெல்டிங் ராடை உருக்கிக் கோடாக இழுத்திருந்தார். ஒரு குழாயில் கோடுகள் செங்குத்தாக இறங்கின. இன்னொன்றில் பனைமரத்தில் மட்டை உதிர்ந்த வடு போல வட்டம் வட்டமாகச் சுற்றின. பனைமரம் என் யோசனையன்று, அவருடையது. கட்டிங் சக்கரத்தால் நேராக அறுத்த முனைகளை அப்படியே விடாமல், சிலவற்றின் விளிம்பை உருக்கி, கிழிந்த காகிதம் போல ஆக்கியிருந்தார். முன்பு தேய்த்துப் பளபளப்பாக்கிய குழாய்களில் ஏழெட்டை மட்டும் அப்படியே விடச் சொன்னேன். சொரசொரப்பின் நடுவே அவை ஒளி வாங்கி நிற்பது நன்றாகவே இருக்கிறது.

பொருளின் தரம் பற்றி ஒரு செய்தி. நான் கேட்டது 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு. சந்தையில் விலை குறைந்த 202 வகையும் கிடைக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே, காந்தம் வைத்துப் பார்த்தாலும் இரண்டிலும் ஒட்டாது என்பதால் காந்தச் சோதனை இங்கே உதவாது. சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டு, சிறு பேட்டரியை இணைத்தால் 202 சிவப்பாக மாறும். உரிமையாளரிடமே அந்தத் திரவம் இருந்தது. நான் கேட்டதும் முகம் சுளிக்காமல் எடுத்து வந்தார். ஒன்றரை அங்குலக் குழாய்களில் ஒரு கட்டு சிவந்தது. கடையிலிருந்து மாறி வந்துவிட்டது என்றார். வாக்குவாதம் செய்யாமல் அன்றே திருப்பி அனுப்பி மாற்றினார். கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது; அதனால் கேட்பது நல்லது. ஹெல்சிங்கிச் சின்னம் அமிலத்தையும் தாங்கும் உயர்ந்த வகைத் துருப்பிடிக்காத எஃகில் செய்யப்பட்டது. கடற்காற்றும் பனியும் உள்ள ஊருக்கு அது தேவை. கடலிலிருந்து இவ்வளவு தள்ளியிருக்கும் காட்பாடிக்கு, அதுவும் தாழ்வாரத்தின் நிழலில் நிற்கப்போகும் ஒன்றுக்கு, 304 போதும்.

தாமதம் உண்மையான குறை. மூன்று வாரம் என்றது ஏழு வாரமானது. அதில் இரண்டு வாரம் பஃபிங் குழப்பத்தால் போனது, அது என் பங்கும்கூட. மீதி நாட்கள், ஒரு தோல் தொழிற்சாலைக் குழாய் வேலை அவசரமாக வந்ததால் போனவை. அவசர வேலை வந்தது தவறன்று; அதை என்னிடம் சொல்லாமல் விட்டதுதான் வருத்தம். இரண்டு முறை வேலூரிலிருந்து பேருந்தில் போய், வேலை தொடங்கவே இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்பினேன். ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

வைகாசியில், கத்திரி வெயில் அடங்காத ஒரு காலையில், குட்டி யானை வண்டியில் வைக்கோல் பரப்பி, திருவலம் வழியாகக் கொண்டுவந்தார்கள். எடை 52 கிலோ. சுவரில் பொருத்த நான்கு பேர் வந்தார்கள். துளையிட்டுப் போல்ட் அடித்து, மட்டம் பார்த்து, இரண்டு மணி நேரத்தில் நிறுத்திவிட்டு, விழுந்த சிமெண்டுத் தூளைக்கூடப் பெருக்கிவிட்டுத்தான் போனார்கள். கூலி, பொருள், வண்டிச் சத்தம் எல்லாம் சேர்ந்து 41,000 ரூபாய் ஆனது. எழுதிக் கொடுத்த மதிப்பீட்டைவிட 3,000 கூடுதல். அது நான் பின்னால் கேட்ட மேற்பரப்பு வேலைக்கான கூலி என்பதால் மனமுவந்து கொடுத்தேன்.

ஒரு மாதத்துக்குள் கீழ்ப்பகுதியில் இரண்டு குழாய்களில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. துருப்பிடிக்காத எஃகில் துருவா என்று அக்காள் மகள் பதறிவிட்டாள். அதே பட்டறையில் பக்கத்தில் சாதாரண இரும்பை கிரைண்டிங் செய்யும்போது தெறிக்கும் பொடி எஃகின்மேல் ஒட்டிக்கொண்டு, அந்தப் பொடிதான் துருவேறும். உரிமையாளர் ஆள் அனுப்பி, பிக்ளிங் பேஸ்ட் என்னும் துரு நீக்கும் பசையைத் தடவிக் கழுவிச் சரிசெய்தார், காசு வாங்கவில்லை. அந்தப் பசையில் கடுமையான அமிலம் இருப்பதால், வகுப்பில்லாத நாளாகப் பார்த்து வரச் சொன்னதும் அவர்தான். எஃகு வேலை கொடுப்பவர்கள், இரும்பு வேலைக்கும் எஃகு வேலைக்கும் பட்டறையில் தனி இடம் இருக்கிறதா என்று தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே அப்படி இல்லை. ஆர்கான் வெல்டிங்கின் சூட்டில் விழும் பொன்னிறமும் ஊதாவும் பார்க்க அழகாகத்தான் இருந்தன. சிலவற்றிலாவது அப்படியே விடலாமா என்று கேட்டேன். அந்த நிறம் உள்ள இடத்தில்தான் எஃகு முதலில் கெடும் என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். அதுவும் சரியே.

வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெரியவர் ஒருவர், முதல் வாரத்திலேயே அதன் முன் நின்று, "இது யாருக்கும்மா செல? மூஞ்சியே காணோமே?" என்று கேட்டார். எனக்கு வியப்பாக இருந்தது. 1960களில் ஹெல்சிங்கியில் எழுந்த கேள்வியும் இதேதான். சிபேலியஸ் எங்கே, இது அவருடைய சின்னம் என்று எப்படித் தெரியும், ஆர்கனுக்கென்று அவர் அதிகம் எழுதவே இல்லையே என்றெல்லாம் அந்த நாட்டு மக்கள் இரு பக்கமாக நின்று வாதிட்டார்கள். எதிர்ப்பு அடங்காததால் ஹில்துனென் சிபேலியஸின் முகத்தைத் தனியாகச் செய்து, குழாய்களுக்குப் பக்கத்தில் பாறையின்மேல் வைத்தார். விட்டுக்கொடுத்துச் செய்த வேலை என்று அந்த முகத்தைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. படங்களில் பார்க்கும்போது, ஒரு மனிதன் தன் இசையிலிருந்து நாலடி தள்ளி நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது. இரண்டும் ஒட்டாமல் இருப்பதே அதற்கு வலுவாகப் படுகிறது. ஆனால் எங்கள் சுவரில் முகம் வேண்டாம் என்று அக்காள் மகள் உறுதியாகச் சொல்லிவிட்டாள். அங்கே படிக்கும் பிள்ளைகள் தியாகராஜரையும் பாடுகிறார்கள், ஊத்துக்காடு வேங்கட கவியையும் பாடுகிறார்கள்; யார் முகத்தை வைப்பது என்பது அவள் கேள்வி. பெரியவருக்கு அந்தப் பதில் போதுமானதாக இல்லை; ஆனாலும் வரும்போதெல்லாம் அதன் பக்கத்துத் திண்ணையில்தான் உட்காருகிறார்.

ஆடி மாதத்தில் காற்று பிடித்தபோது, நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. இடது ஓரத்தில் மேலும் கீழும் திறந்திருக்கும் மூன்றடிக் குழாய், காற்று குறுக்கே வீசும்போது தாழ்ந்த குரலில் ஊம் என்று ஒலிக்கத் தொடங்கியது. எல்லா நாளும் அல்ல. மாலையில், மேற்கிலிருந்து காற்று வந்தால் மட்டும். பிள்ளைகள் சுருதி சேர்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அதே குழாயில்தான் இப்போது குளவி மண்கூடு கட்ட வருகிறது. திறந்த முனைகளுக்கெல்லாம் எஃகு வலை போட்டுத் தருகிறேன், 600 ரூபாய் ஆகும் என்று பட்டறைக்காரர் சொன்னார். வலை போட்டால் ஒலி அடைத்துவிடும் என்பதால் வேண்டாம் என்றோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒரு மூங்கில் குச்சியோடு போய், கூடு இருக்கிறதா என்று பார்த்துத் தட்டிவிட்டு வருகிறேன்.